மொறுமொறு அவகாடோ ஃப்ரை: பழம் வாங்குவதிலிருந்து பொரித்து எடுப்பது வரை

அவகாடோவை ஜூஸாகக் குடித்தும், சர்க்கரை போட்டுப் பிசைந்து சாப்பிட்டும் பழகியவர்களுக்கு அதை எண்ணெயில் பொரிப்பது என்றாலே தயக்கம் வரும். இவ்வளவு குழைவான பழம் வாணலியில் கரைந்து போய்விடாதா என்பதுதான் எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி. கரையாது. நீளத் துண்டுகளாக நறுக்கி, மாவில் புரட்டி, முட்டையில் தோய்த்து, பிரெட் தூள் பூசிப் பொரித்தால் மேலே மொறுமொறுப்பும் உள்ளே இளஞ்சூடான குழைவுமாக வரும். அமெரிக்காவில் கலிஃபோர்னியா, டெக்சஸ் பக்கத்து உணவகங்களில் இதைத் தொட்டுக்கொள்ள ஒரு சாஸோடு தட்டில் வைப்பார்கள். டாக்கோ என்ற மெக்சிகோ மடிப்பு ரொட்டிக்குள் முட்டைக்கோஸ் துருவலோடு வைத்தும் தருவார்கள். நம் வீட்டு அடுப்பில், நம் கடைகளில் கிடைக்கிற பொருட்களை வைத்தே இதைச் செய்துவிடலாம்.

அடுப்பைப் பற்றவைப்பதற்கு முன் ஒரு விஷயத்தை மனதில் இருத்திக்கொள்ளுங்கள். வாழைக்காய் பஜ்ஜி போடும்போது மாவு சிவப்பதற்குள் உள்ளே காயும் வெந்தாக வேண்டும். அதனால் தீயை மிதமாக வைத்து நேரம் கொடுக்கிறோம். அவகாடோவில் அந்த வேலையே இல்லை. பழுத்த அவகாடோ அப்படியே சாப்பிடக்கூடியது. பொரிய வேண்டியது மேலே ஒட்டியிருக்கும் பிரெட் தூள் மட்டும்தான். ஆகவே எண்ணெய் நன்றாகச் சூடாக இருக்க வேண்டும், துண்டு அதில் கிடக்கும் நேரம் குறைவாக இருக்க வேண்டும். நெடுநேரம் சூட்டில் கிடந்தால் அவகாடோ கசக்கும். அது அந்தப் பழத்தின் இயல்பு. கீழே வருகிற பெரும்பாலான யோசனைகளுக்குக் காரணம் இதுதான்.

பழம் வாங்கும்போது

பாதி வேலை கடையிலேயே முடிந்துவிடுகிறது. தமிழ்நாட்டில் நமக்குக் கிடைப்பவை பெரும்பாலும் இரண்டு வகை. பழக்கடையிலும் சந்தையிலும் பட்டர் ஃப்ரூட் என்று கேட்டால் கிடைக்கிற பெரிய பச்சைத்தோல் பழம் ஒன்று. கீழ்ப்பழனி மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் காபித் தோட்டங்களுக்கு நடுவே இந்த மரங்கள் நிற்கின்றன. தடியன்குடிசையில் இருக்கும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் டி.கே.டி. 1 என்ற ரகத்தையே வெளியிட்டிருக்கிறது. ஆடி, ஆவணி வாக்கில் வரத்து நன்றாக இருக்கும். இன்னொன்று, சூப்பர் மார்க்கெட்டில் ஸ்டிக்கர் ஒட்டி வைத்திருக்கும் ஹாஸ். சொரசொரப்பான கெட்டித் தோல், கைக்கு அடக்கமான அளவு. கலிஃபோர்னியாவில் ருடால்ஃப் ஹாஸ் என்ற தபால்காரர் வளர்த்து 1935இல் காப்புரிமை வாங்கிய ரகம் இது. இந்தியாவுக்கு இப்போது தான்சானியா, கென்யா போன்ற நாடுகளிலிருந்து வருகிறது.

பொரிப்பதற்கு ஹாஸ் சுலபம். அதில் கொழுப்பு அதிகம், நீர் குறைவு. துண்டு உடையாமல் நிற்கும். நம் மலைப்பழத்தில், அதாவது அந்தப் பச்சைத்தோல் அவகாடோவில், நீர் சற்று அதிகம் என்பதால் கூடுதல் கவனம் வேண்டும். ஆனால் விலை குறைவு, சதை நிறைய. முதல் முறை செய்பவர்கள் ஹாஸில் கை பழகிவிட்டு, சீசனில் மலைப்பழத்துக்கு மாறலாம். ஆடி, ஆவணியில் நல்ல பழம் கைக்குக் கிடைக்கும்போது இறக்குமதிப் பழத்துக்குக் காசு கொட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை.

எந்தப் பழமானாலும், ஜூஸுக்கு எடுக்கிற அளவு குழைந்தது வேண்டாம். அதற்கு ஒரு நாள் முந்தைய பதம் வேண்டும். உள்ளங்கையில் பழத்தை வைத்து, காம்புப் பக்கம் கட்டைவிரலால் மெதுவாக அழுத்திப் பாருங்கள். லேசாக அமுங்கி, விரலை எடுத்ததும் பள்ளம் நிற்காமல் இருந்தால் அதுதான் பதம். பள்ளம் அப்படியே நின்றால் ஜூஸ் போட்டுவிடுங்கள். கல்லாக இருந்தால் இன்னும் காயாகத்தான் இருக்கிறது. அதைப் பொரித்தால் ரப்பர் மாதிரி இருப்பதோடு கசப்பும் தூக்கலாக வரும். ஹாஸ் பழுக்கும்போது தோல் கருத்துவிடும், அதை வைத்தே ஓரளவு கணிக்கலாம். பச்சைத்தோல் பழமோ பழுத்த பிறகும் பச்சையாகவே இருக்கும், எனவே நிறத்தை நம்பாதீர்கள், விரலை நம்புங்கள். சில மலைப்பழங்களைக் காதருகே வைத்து ஆட்டினால் உள்ளே கொட்டை ஆடும் சத்தம் கேட்கும்; அதுவும் முதிர்ந்ததற்கு ஓர் அடையாளம்.

காயாகக் கிடைத்தாலும் கவலை வேண்டாம். அவகாடோ மரத்தில் பழுப்பதே இல்லை, பறித்த பிறகுதான் பழுக்கும். காகிதப் பையில் ஒரு வாழைப்பழத்தோடு போட்டு வையுங்கள். வாழைப்பழம் விடும் எத்திலீன் வாயு பழுப்பதை விரைவுபடுத்தும். தினமும் ஒரு தடவை தொட்டுப் பார்த்து, பதம் வந்ததும் ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டால் ஒன்றிரண்டு நாள் அதே பதத்தில் நிற்கும்.

என்னென்ன வேண்டும்

மூன்று நான்கு பேர் மாலையில் கொறிக்க இந்த அளவு சரியாக இருக்கும்:

நடுத்தர ஹாஸ் அவகாடோ 2, அல்லது பெரிய மலைப்பழம் 1
மைதா அரை கப்
கார்ன் ஃப்ளார் 2 மேசைக்கரண்டி
முட்டை 2
பிரெட் தூள் ஒன்றரை கப்
மிளகாய்த்தூள் 1 தேக்கரண்டி, மிளகுத்தூள் அரைத் தேக்கரண்டி, பூண்டுப் பொடி இருந்தால் அரைத் தேக்கரண்டி
எலுமிச்சை அரை மூடி
உப்பு, பொரிக்க எண்ணெய்

எண்ணெய் எதுவானாலும் வாசனை தூக்கலாக இல்லாமல் இருப்பது நல்லது. சூரியகாந்தி, ரீஃபைண்ட் கடலை எண்ணெய் இரண்டும் சரி. நல்லெண்ணெயும் தேங்காய் எண்ணெயும் இந்தப் பழத்தின் மெல்லிய சுவையை அமுக்கிவிடும்.

பிரெட் தூளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் மொறுமொறுப்பு முழுக்க அதில்தான் இருக்கிறது. பாக்கெட்டில் வருகிற நைஸான தூள் போட்டால் மெல்லிய, வழவழப்பான ஓடு மாதிரி வரும். அதுவும் மோசமில்லை. ஆனால் பெரிய பொருக்காக இருந்தால்தான் கடிக்கும்போது சத்தம் கேட்கும். பாங்கோ என்ற ஜப்பானிய பிரெட் தூள் கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கான பிரெட்டை மாவுக்குள் மின்சாரம் பாய்ச்சி வேக வைக்கிறார்கள், அதனால் பழுப்புத் தோலே உண்டாவதில்லை. அதைச் சீவிக் காயவைத்தால் வெள்ளையான செதில்கள் கிடைக்கின்றன. எண்ணெயைக் குறைவாகக் குடித்து நெடுநேரம் மொறுமொறுப்பாக நிற்கும்.

பாங்கோ இல்லையென்றால் வீட்டிலேயே செய்யலாம். முந்தின நாள் வாங்கிய சாதாரண சாண்ட்விச் பிரெட்டின் ஓரங்களை வெட்டி எடுத்துவிட்டு, துண்டுகளைப் பிய்த்து மிக்ஸியில் போட்டு விட்டு விட்டு இரண்டு சுற்று மட்டும் சுற்றுங்கள். தொடர்ந்து ஓட்டினால் மாவாகிவிடும். பிறகு அகலமான தவாவில் பரப்பி, மிகக் குறைந்த தீயில், நிறம் மாறாமல் ஈரம் மட்டும் போகும்வரை கிளறுங்கள். விரலால் நசுக்கினால் பொடிந்து உதிர வேண்டும். ஆறு துண்டு பிரெட் இருந்தால் இந்த அளவுக்குத் தாராளமாகப் போதும். பால் பிரெட், இனிப்பு ரஸ்க் ஆகியவற்றைத் தவிர்ப்பது நல்லது. சர்க்கரை சூட்டில் சீக்கிரம் கருகும். உள்ளே எதுவும் ஆவதற்கு முன் வெளியே கறுத்துவிடும்.

நறுக்குவது

இந்தப் பழத்தை வெட்டும்போது கை அறுபட்டு மருத்துவமனைக்குப் போகிறவர்கள் வெளிநாடுகளில் நிறையப் பேர். அந்தக் காயத்துக்கென்றே மருத்துவர்கள் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். காரணம், பாதிப் பழத்தைக் கையில் ஏந்திக்கொண்டு கொட்டையில் கத்தியை ஓங்கிக் கொத்துவது. வீடியோக்களில் பார்க்க அழகாக இருக்கும், செய்யாதீர்கள். பழத்தைப் பலகையில் வைத்து, கத்தி கொட்டையைத் தொடும்வரை இறக்கி, நீளவாக்கில் ஒரு சுற்றுச் சுற்றுங்கள். இரு பாதியையும் எதிரெதிராகத் திருகினால் பிரியும். கொட்டையை ஒரு ஸ்பூனால் நெம்பி எடுத்துவிடலாம்.

பிறகு ஒவ்வொரு பாதியையும் மறுபடி நீளவாக்கில் இரண்டாக வெட்டி, தோலை ஒரு முனையில் பிடித்து உரித்தால் வாழைப்பழத் தோல் மாதிரி வந்துவிடும். ஸ்பூனால் தோண்டி எடுக்க வேண்டாம். மேற்பரப்பு கரடுமுரடாகி மாவு சீராகப் பிடிக்காது. உரித்த கால் துண்டுகளை விரல் தடிமனில் நீளமாக நறுக்குங்கள். ஒல்லியாக நறுக்கினால் தூள் பூசும்போதே உடையும். ஹாஸ் பழம் ஒன்றுக்கு எட்டுத் துண்டு என்பது நல்ல கணக்கு.

நறுக்கியதும் எலுமிச்சைச் சாற்றைச் சில துளிகள் தெளித்து, மெதுவாகப் புரட்டிவிடுங்கள். வெட்டிய அவகாடோ காற்றுப் பட்டதும் பழுப்பாக மாறும். புளிப்பு அதைத் தள்ளிப்போடும், ருசிக்கும் நல்லது. அதிகம் பிழிந்தால் துண்டு ஈரமாகிவிடும், ஆகவே துளிகள் மட்டும். மலைப்பழமாக இருந்தால் இந்தக் கட்டத்தில் சுத்தமான பருத்தித் துணியால் ஒவ்வொரு துண்டையும் ஒற்றி எடுங்கள். ஈரமான பரப்பில் மாவு கொழகொழவென்று திரண்டு, பொரிக்கும்போது மொத்த ஓடும் தனியாகக் கழன்று வரும். ஓடு கழன்றுகொள்ள வேறு காரணங்களும் உண்டு, ஆனால் முக்கால்வாசி சமயம் இந்த ஈரம்தான்.

மூன்று தட்டு

அகலமான தட்டு மூன்றை வரிசையாக வையுங்கள். முதலாவதில் மைதா, கார்ன் ஃப்ளார், மிளகாய்த்தூள், மிளகுத்தூள், பூண்டுப் பொடி, அரைத் தேக்கரண்டி உப்பு. இரண்டாவதில் முட்டை இரண்டையும் உடைத்து ஊற்றி, ஒரு மேசைக்கரண்டி தண்ணீரும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்து, வெள்ளைக்கரு இழை இழையாக நிற்காமல் நன்றாக அடித்து வையுங்கள். மூன்றாவதில் பிரெட் தூள்.

மசாலாவை மாவில் போடச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பிரெட் தூளில் கலந்தால் அது நேரடியாக எண்ணெயில் பட்டுக் கருகும், வாணலியும் சிவந்து போகும். மாவில் இருந்தால் முட்டைக்கும் தூளுக்கும் அடியில் பத்திரமாக இருக்கும். உப்பை ஒவ்வொரு அடுக்கிலும் கொஞ்சம் சேர்ப்பதும் முக்கியம். அவகாடோவுக்கென்று தனி உப்புச் சுவை கிடையாது, மேலே மட்டும் தூவினால் உள்ளே சப்பென்று இருக்கும். அதே சமயம் நறுக்கிய துண்டுகளில் நேரடியாக உப்புப் போட்டு ஊறவைக்காதீர்கள், நீர் விட்டுவிடும்.

ஒரு கையை உலர்ந்த வேலைக்கும் மறு கையை ஈர வேலைக்கும் ஒதுக்குங்கள். வலக்கையால் துண்டை மாவில் புரட்டி, லேசாகத் தட்டி உபரி மாவை உதறி, முட்டையில் போடுங்கள். இடக்கையால் முட்டையில் திருப்பி, சொட்டுவது நின்றதும் பிரெட் தூளில் வையுங்கள். மறுபடி வலக்கையால் தூளை அள்ளி மேலே தூவி, உள்ளங்கையால் மெல்ல அழுத்துங்கள். உருட்டினால் முனைகள் உடையும். தூவி அழுத்துவதே சரி. இரண்டு கையையும் கலந்து வேலை செய்தால் மூன்றாவது துண்டிலேயே விரல் நுனியெல்லாம் மாவு உருண்டை கட்டிவிடும்.

முட்டை சேர்க்காத வீடுகளில் கால் கப் மைதா, 2 மேசைக்கரண்டி கார்ன் ஃப்ளார், சிட்டிகை உப்பு ஆகியவற்றைத் தண்ணீரில் கரைத்துக்கொள்ளுங்கள். ஸ்பூனின் பின்புறத்தில் மெல்லிய படலமாக ஒட்ட வேண்டும். தோசை மாவை விட நீர்த்திருக்க வேண்டும். மற்றதெல்லாம் அப்படியேதான். கடலை மாவிலும் கரைக்கலாம், ஆனால் அது பஜ்ஜி மணத்தைக் கொண்டுவந்துவிடும். எனக்கு இதில் அந்த மணம் பொருந்தவில்லை.

தூள் பூசிய துண்டுகளை ஒரு தட்டில் ஒன்றன் மேல் ஒன்று படாமல் அடுக்கி, ஃப்ரிட்ஜில் 20 நிமிடம் வையுங்கள். இந்த 20 நிமிடத்தைத் தாண்டிக் குதிக்க ஆசை வரும், வேண்டாம். மாவு ஈரத்தை இழுத்துக்கொண்டு ஒட்டு இறுகுவதும், பழம் குளிர்ந்து கெட்டிப்படுவதும் இந்த நேரத்தில்தான். பழம் நினைத்ததை விடக் குழைவாக இருந்தால் ஃப்ரீசரில் அரை மணி நேரம் வைக்கலாம். மணிக்கணக்கில் மட்டும் வைத்துவிடாதீர்கள். தூள் ஊறி நமத்துப்போகும்.

பொரிப்பது

அடி கனமான, சற்றுக் குறுகலான வாணலியில் துண்டு மூழ்குமளவு எண்ணெய் ஊற்றி, மிதமான தீயை விடக் கொஞ்சம் கூட்டிச் சூடாக்குங்கள். சமையல் தெர்மாமீட்டர் இருந்தால் 180 டிகிரி செல்சியஸ். இல்லையென்றால் ஒரு சிட்டிகை பிரெட் தூளைப் போட்டுப் பாருங்கள். அடியில் போய்ப் படுத்தால் சூடு போதாது. போட்ட மாத்திரத்தில் கறுத்தால் சூடு மிஞ்சிவிட்டது. உடனே மேலே வந்து, சுற்றிலும் சின்னச் சின்னக் குமிழிகளோடு படபடத்து, பத்துப் பதினைந்து நொடியில் பொன்னிறம் ஆனால் தொடங்கலாம்.

ஒரு ஈட்டுக்கு நான்கு துண்டுக்கு மேல் வேண்டாம். ஃப்ரிட்ஜிலிருந்து வந்த குளிர்ந்த துண்டுகள் எண்ணெயின் சூட்டைச் சட்டென்று இறக்கிவிடும். சூடு இறங்கிய எண்ணெயில்தான் தூள் எண்ணெய் குடிக்கும். துண்டை மேலிருந்து போடாமல் வாணலியின் ஓரமாகச் சரிய விடுங்கள். முதல் அரை நிமிடம் கரண்டியால் தொடவே தொடாதீர்கள். ஓடு இறுகும் நேரம் அது. பிறகு ஜல்லிக் கரண்டியால் மெதுவாகத் திருப்பி, எல்லாப் பக்கமும் பொன்னிறம் வந்ததும் எடுத்துவிடுங்கள். மொத்தம் ஒன்றரையிலிருந்து இரண்டு நிமிடம். குமிழிகள் அடங்கும்வரை காத்திருக்கும் பழக்கம் நமக்கு உண்டு, முறுக்கு சுடும்போது அது சரி. இங்கே குமிழிகள் அடங்கக் காத்திருந்தால் பழம் கசந்துவிடும்.

எடுத்த துண்டுகளைக் காகிதத்தில் கொட்டினால் அடிப்பக்கம் ஆவியில் நமத்துவிடும். கம்பி வலைத்தட்டு ஒன்றைத் தட்டின் மேல் வைத்து அதில் பரப்புங்கள். பெரிய கண் சல்லடையும் உதவும். எண்ணெய் ஈரம் காயும் முன் ஒரு சிட்டிகை நைஸ் உப்புத் தூவினால் ஒட்டிக்கொள்ளும். அடுத்த ஈட்டுக்கு முன் எண்ணெயில் மிதக்கும் உதிரித் தூளைக் கண்டிப்பாக அள்ளி எடுங்கள். அது கருகிக் கரும்புள்ளிகளாகப் புதுத் துண்டுகளில் ஒட்டும், எண்ணெயும் சீக்கிரம் கெடும்.

எண்ணெய் குறைவாக வேண்டுமென்றால்

ஏர் ஃப்ரையரிலும் ஓவனிலும் செய்யலாம், ஆனால் ஒரு முன்வேலை தேவை. அங்கே பிரெட் தூள் நிறம் மாற நேரம் பிடிக்கும், அதற்குள் பழம் அதிகம் சூடாகிவிடும். அதனால் பூசுவதற்கு முன்பே பிரெட் தூளில் இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய் கலந்து, தவாவில் இளம் பொன்னிறமாக வறுத்து ஆறவைத்துக்கொள்ளுங்கள். பிறகு வழக்கம்போல மூன்று தட்டு, ஃப்ரிட்ஜ். ஏர் ஃப்ரையரை 200 டிகிரியில் முன்கூட்டியே சூடாக்கி, துண்டுகளை இடைவெளி விட்டு அடுக்கி, 4 நிமிடம் ஒரு பக்கம், திருப்பி 3 நிமிடம். ஓ.டி.ஜி. ஓவனில் 220 டிகிரி, வலைத்தட்டின் மேல், 10 முதல் 12 நிமிடம். எண்ணெயில் பொரித்த அளவு சத்தம் வராது, ஆனால் மாலைப் பலகாரத்துக்குத் தாராளமாகப் போதும்.

அவகாடோவிலேயே 100 கிராமுக்கு ஏறத்தாழ 15 கிராம் கொழுப்பு இருக்கிறது. பெரும்பகுதி நிறைவுறாக் கொழுப்பு, நல்லதுதான். அதற்காகப் பொரித்ததை ஆரோக்கிய உணவு என்று சொல்ல முடியாது. ஆசைக்கு எப்போதாவது சாப்பிடுகிற பண்டமாகவே வைத்துக்கொள்வோம். ரப்பர் லேடெக்ஸ் ஒவ்வாமை உள்ளவர்களில் சிலருக்கு அவகாடோவும் ஒத்துக்கொள்ளாது என்பதால், விருந்தாளிகளுக்குக் கொடுக்குமுன் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

தொட்டுக்கொள்ள

பழத்தில் கொழுப்பு, ஓட்டில் எண்ணெய். ஆகவே தொட்டுக்கொள்வது புளிப்பாகவும் காரமாகவும் இருக்க வேண்டும். கெட்டித் தயிரை மெல்லிய துணியில் ஒரு மணி நேரம் தொங்கவிட்டு நீர் வடித்து, அதில் நசுக்கிய பூண்டு ஒரு பல், பொடியாக நறுக்கிய புதினா, உப்பு, எலுமிச்சைச் சாறு சேர்த்தால் இதற்கு அதைவிடப் பொருத்தமானது இல்லை. தக்காளி, வெங்காயம், பச்சை மிளகாய், கொத்தமல்லி நான்கையும் பொடியாக நறுக்கி எலுமிச்சை பிழிந்த மெக்சிகோ பாணிச் சல்சாவும் நன்றாக இருக்கும். மயோனைஸில் சில்லி சாஸ் கலந்து வைப்பதுதான் அமெரிக்க வழக்கம். அப்படிச் செய்தால் முட்டையில்லாத மயோனைஸ் வாங்குங்கள். பச்சை முட்டையில் செய்த மயோனைஸால் வரும் உணவு நச்சு அபாயத்தைக் காட்டித் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரலில் அதற்கு ஓராண்டுத் தடையே விதித்தது.

வீட்டில் எல்லாரும் உட்கார்ந்த பிறகு பொரிக்கத் தொடங்குங்கள். எடுத்த பத்து நிமிடத்துக்குள் சாப்பிட்டால்தான் இதன் ருசி. டிபன் பாக்ஸில் அடைக்க ஏற்றதல்ல, மைக்ரோவேவில் மறுபடி சூடாக்கினால் ஓடு தொய்ந்து பழம் கசக்கும். மிஞ்சினால் ஏர் ஃப்ரையரிலோ சூடான தவாவிலோ இரண்டு நிமிடம் காட்டி, சூடான சப்பாத்தியில் வெங்காயம், முட்டைக்கோஸ் துருவல், கொஞ்சம் அந்தத் தயிர் சட்னியோடு வைத்துச் சுருட்டிக் கொடுங்கள். பிள்ளைகள் இரவுச் சாப்பாடாகவே அதை முடித்துவிடுவார்கள்.